வெப் ஆப் டிராஃபிக் அளவீடுகள்: சேகரிப்பதும் தொகுப்பதும் – முழுமையான வழிகாட்டி

நொடிக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன, எத்தனை தோற்கின்றன, பதில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது. இந்த மூன்றையும் டாஷ்போர்டில் வரைந்து காட்டுவது சுலபம். அந்த எண்களை நம்பலாமா என்று உறுதி செய்வதுதான் பெரிய வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களைக் கவனித்த வரையில், கருவியை நிறுவுவதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. எதை எங்கே எண்ணுவது, எதை முதலில் கூட்டுவது, எப்போது வகுப்பது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு விதி திரும்பத் திரும்ப வரும். கூட்டினால் அர்த்தம் கெடாத எண்களை மட்டும் சேமியுங்கள். சராசரி, சதவீதம், பெர்சென்டைல் (நூற்றுக்கு இத்தனை கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற எல்லை) எல்லாவற்றையும் கடைசிப் படிக்குத் தள்ளுங்கள். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் பிராமிதியஸை (அளவீடுகளைச் சேகரித்துச் சேமிக்கும் கருவி) எடுத்துக்கொள்கிறேன். வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்.

1. முதலில் கேள்விகளை எழுதுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன் நான்கைந்து கேள்விகளை எழுதி வையுங்கள். "இப்போது நொடிக்கு எத்தனை கோரிக்கை வருகிறது?", "கடந்த 5 நிமிடத்தில் எத்தனை சதவீதம் 500 வரிசைப் பிழை (சர்வர் பக்கப் பிழை)?", "தேடல் பக்கத்தில் நூற்றுக்கு 95 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன?", "போன மாதம் எத்தனை தனிப் பயனர்கள் வந்தார்கள்?" என்பது போல.

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பதில் எவ்வளவு சூடாக வேண்டும் என்று குறியுங்கள். பிழை விகிதம் ஒரு நிமிடத்துக்குள் தெரிய வேண்டும். மாதக் கணக்கு ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது. எத்தனை நொடிக்கு ஒருமுறை சேகரிப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது என்ற இரண்டு முடிவுகளும் இந்தக் குறிப்பிலிருந்துதான் வரும்.

மேலே உள்ள கடைசிக் கேள்வி மற்றவற்றோடு சேராது. தனிப் பயனர்களை எண்ண ஆளை அடையாளம் காண வேண்டும். மற்ற மூன்றுக்கும் அது தேவையே இல்லை. இரண்டையும் ஒரே குழாயில் அனுப்பப் பார்ப்பது மிகப் பரவலான தவறு. அதற்கான வழி 10-ஆவது பகுதியில் இருக்கிறது.

2. எந்த இடத்தில் எண்ணுவது என்று முடிவெடுங்கள்

ஒரு கோரிக்கை பிரவுசரில் கிளம்பி, சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பயனருக்கு அருகில் வைத்துக் கொடுக்கும் சர்வர்கள்), லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்புவது) வழியாக உங்கள் ஆப்பை அடைகிறது. இந்த நான்கு இடங்களிலும் எண்ணிப் பார்த்தால் நான்கு வேறு எண்கள் கிடைக்கும். நான்கும் சரியானவைதான், அளக்கும் பொருள்தான் வேறு.

சிடிஎன் தன் கேஷிலிருந்தே கொடுத்துவிட்ட பதில்கள் உங்கள் ஆப்புக்கு வரவே வராது. ஆகவே "எத்தனை பக்கங்கள் பார்க்கப்பட்டன" என்ற கேள்விக்கு ஆப்பின் கணக்கு பதிலாகாது.

ஆப் மட்டும் எண்ணினால் இன்னொரு பெரிய ஓட்டை உண்டு. ஆப் விழுந்து கிடக்கும்போது லோட் பேலன்சர் பயனர்களுக்கு 502, 503, 504 என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ஆப்பின் கவுண்ட்டருக்கு அந்தக் கோரிக்கைகள் தெரியாது. டாஷ்போர்டில் பிழை பூஜ்யம், டிராஃபிக் குறைவு என்று அமைதியாக ஒரு படம் தெரியும். உண்மையில் வெளியே எல்லாம் நின்றுபோயிருக்கும்.

பதில் நேரத்திலும் இதே சிக்கல். ஆப், கோரிக்கையைக் கையில் எடுத்த நொடியிலிருந்துதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அதற்கு முன் வரிசையில் காத்திருந்த நேரம் அதன் கணக்கில் இல்லை. நெரிசல் நேரத்தில் பயனர் 4 நொடி காத்திருக்க, ஆப் 200 மில்லிநொடி என்று சொல்வது இதனால்தான்.

லோட் பேலன்சராக என்ஜின்எக்ஸ் இருந்தால் இரண்டு நேரங்களை லாகில் (கோரிக்கைகளின் பதிவுக் கோப்பு) எழுதச் சொல்லுங்கள். ஒன்று கோரிக்கையின் மொத்த நேரம்: பயனரிடமிருந்து முதல் பைட்டைப் படித்ததிலிருந்து, கடைசி பைட்டை அனுப்பிவிட்டு லாகில் எழுதும் வரை. இன்னொன்று, பின்னால் இருக்கும் ஆப் பதில் தர எடுத்துக்கொண்ட நேரம். முதலாவது பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் இருந்தால், பெரும்பாலும் பயனரின் மெதுவான இணைப்புதான் காரணம். ஆப்பைத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் பரிந்துரை இது: மொத்த எண்ணிக்கைக்கும் பிழை விகிதத்துக்கும் லோட் பேலன்சரை நம்புங்கள். எந்த ரூட் (ஆப் ஒரு வகை முகவரியைக் கையாளும் பாதை), ஏன் மெதுவு என்ற விவரத்துக்கு ஆப்பை நம்புங்கள். இரண்டு இடத்து எண்களையும் ஒருபோதும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். அளவீட்டின் பெயரிலேயே இடம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டால், பிறகு வருபவர் தெரியாமல் கூட்டுவதும் தடுக்கப்படும்.

3. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

எல்லா சர்வர்களின் கடிகாரங்களும் என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) மூலம் ஒத்துப்போக வேண்டும். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரம்) மட்டுமே சேமிக்க வேண்டும். உள்ளூர் நேரமாக மாற்றுவது திரையில் காட்டும்போது செய்கிற வேலை.

கோரிக்கை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கச் சுவர்க்கடிகார நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். என்டிபி கடிகாரத்தைப் பின்னுக்கு இழுக்கும் கணத்தில் கோரிக்கைக்கு மைனஸ் நேரம் வந்துவிடும். முன்னோக்கி மட்டுமே நகரும் மோனோடோனிக் கடிகாரம் எல்லா முக்கிய மொழிகளிலும் இருக்கிறது. கால அளவுக்கு அதுதான்.

அடுத்து, கோரிக்கை ஐடி. வெளி ஓரத்தில் இருக்கும் சர்வர் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஐடி போட்டு ஹெட்டரில் உள்ளே அனுப்பட்டும். லாகுகளில் அது பதிவானால், ஒரே வரி இரண்டு முறை வந்துவிட்டதா என்று பிறகு கண்டுபிடிக்க முடியும். இல்லாவிட்டால் அந்த வாய்ப்பே கிடையாது.

லாக் எழுதும்போது யூஆர்எல்லின் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுங்கள். கடவுச்சொல் மாற்றும் டோக்கன், மின்னஞ்சல் முகவரி எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். டிராஃபிக் கணக்குக்கு அவை தேவையில்லை.

4. ஒவ்வொரு கேள்விக்கும் அளவீட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்

கவுண்ட்டர் ஏறிக்கொண்டே போகும். செயலி மறுதொடக்கம் ஆனால் மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பும். கோரிக்கைகள், பிழைகள், அனுப்பிய பைட்டுகள் எல்லாம் கவுண்ட்டர்.

கேஜ் ஏறும், இறங்கும். இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள், திறந்திருக்கும் இணைப்புகள் இதில் அடங்கும்.

ஹிஸ்டோகிராம் என்பது பல கவுண்ட்டர்களின் கட்டு. "100 மில்லிநொடிக்குள் முடிந்தவை", "250க்குள் முடிந்தவை" என்று ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு கவுண்ட்டர் (இதற்குப் பக்கெட் என்று பெயர்), கூடவே மொத்த நேரத்தின் கூட்டுத்தொகை, மொத்த எண்ணிக்கை. பதில் நேரத்துக்கு இதுதான் சரியான வகை.

புதியவர்கள் செய்யும் தவறு, "நொடிக்கு எத்தனை கோரிக்கை" என்பதை ஆப்பிலேயே கணக்கிட்டு கேஜாக அனுப்புவது. சேகரிப்பவர் 15 நொடிக்கு ஒருமுறை வந்தால், இடையில் இருந்த 14 நொடிகளின் கதை தொலைந்துபோகும். கவுண்ட்டரில் அந்த இழப்பு இல்லை. ஒரு முறை சேகரிப்புத் தவறினாலும் அடுத்த முறை வரும்போது வித்தியாசம் முழுதாகக் கிடைக்கும். இடையே செயலி மறுதொடக்கம் ஆனால் மட்டும் கொஞ்சம் போகும்.

5. லேபிள்களைக் கண்டிப்போடு தேர்ந்தெடுங்கள்

லேபிள் என்பது எண்ணோடு ஒட்டி வைக்கும் அடையாளம்: எந்த ரூட், எந்த சர்வர் என்பது போல. ஒவ்வொரு லேபிள் மதிப்புச் சேர்க்கைக்கும் சேமிப்பில் ஒரு தனித் தொடர் (நேரவாரியான எண்களின் வரிசை) உருவாகும். ஆகவே தொடர்களின் எண்ணிக்கை கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மெத்தட் (கெட், போஸ்ட் போன்ற கோரிக்கை வகை), 50 ரூட், 5 நிலை வகுப்பு (200 வரிசை, 400 வரிசை என்பது போல), 10 சர்வர் என்றால் அதிகபட்சம் 10,000 தொடர்கள். இது கவுண்ட்டருக்கு. அதே லேபிள்களை ஹிஸ்டோகிராமுக்குக் கொடுத்தால், 12 பக்கெட், ஒரு கூட்டுத்தொகை, ஒரு எண்ணிக்கை என்று 14 மடங்கு: 1,40,000. அதற்கு மேல் 1,000 பயனர் ஐடிகளை லேபிளாகச் சேர்த்தால் 14 கோடி. சர்வரின் நினைவகம் எப்போது தீரும் என்பது மட்டும்தான் பாக்கி.

யூஆர்எல்லை அப்படியே லேபிளாகப் போடுவது இதே விபத்துதான், கொஞ்சம் மறைவாக வரும். ஆர்டர் எண் 8812, 8813, 8814 என ஒவ்வொன்றும் தனித் தொடராகும். ஃபிரேம்வொர்க்குக்கு எந்த ரூட் பொருந்தியது என்று தெரியும். "ஆர்டர்/ஐடி" என்ற அந்த அச்சு வடிவத்தை எடுத்து லேபிளாக வையுங்கள்.

அப்புறம் ஒரு இடத்தை மறந்துவிடுவார்கள்: எந்த ரூட்டுக்கும் பொருந்தாத 404 கோரிக்கைகள். ஓட்டை தேடும் ஸ்கேனர்கள் ஆயிரக்கணக்கான கற்பனை முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். அங்கே யூஆர்எல்லை அப்படியே விட்டிருந்தால் வெளியாள் ஒருவர் உங்கள் சேமிப்பை நிரப்பிவிட முடியும். பொருந்தாதவை அனைத்துக்கும் "பொருந்தவில்லை" என்று ஒரே மதிப்பைக் கொடுங்கள். மெத்தட் பெயருக்கும் இப்படியே. தெரிந்த பட்டியலில் இல்லாதது எல்லாம் "மற்றவை".

நிலைக் குறியீட்டை வகுப்பாகச் சுருக்கலாமா என்று கேட்பார்கள். கவுண்ட்டரில் முழு எண்ணையே வையுங்கள். 401க்கும் (உள்நுழையவில்லை) 429க்கும் (கோரிக்கைகள் மிக அதிகம்) உள்ள வேறுபாடு தேவைப்படும். ஹிஸ்டோகிராமில் வகுப்பு போதும். என்ஜின்எக்ஸ் லாகில் வரும் 499ஐத் தனியாகப் பாருங்கள்: பதில் வருவதற்கு முன் பயனர் பக்கம் இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அது திடீரென ஏறினால் பெரும்பாலும் ஆப் மெதுவாகிவிட்டது, மக்கள் காத்திருந்து அலுத்துவிட்டார்கள்.

6. பக்கெட் எல்லைகளை உங்கள் இலக்கோடு பொருத்துங்கள்

பிராமிதியஸின் கோ மொழி லைப்ரரியில் இயல்பாக வரும் எல்லைகள் 5 மில்லிநொடியில் தொடங்கி 10 நொடியில் முடிகின்றன, மொத்தம் 11. பலர் இதை மாற்றுவதே இல்லை. அதில் இரண்டு தொல்லைகள் உண்டு.

முதலாவது, பெர்சென்டைல் கணிக்கும்போது பக்கெட்டுக்குள் கோரிக்கைகள் சீராகப் பரவியிருக்கின்றன என்று கருவி வைத்துக்கொள்கிறது. இயல்பு எல்லைகளில் 1 நொடிக்கு அடுத்தது 2.5 நொடி. உங்கள் பி95 (நூற்றுக்கு 95 கோரிக்கைகள் எந்த நேரத்துக்குள் முடிகின்றனவோ அது) இந்த இடைவெளியில் விழுந்தால், திரையில் தெரியும் எண் நேர்க்கோட்டு ஊகம்தான். உண்மை 1.1 நொடியாக இருக்கும்போது 1.9 என்று காட்டலாம்.

இரண்டாவது, பி95 கடைசி எல்லையையும் தாண்டிவிட்டால் கருவி அந்தக் கடைசி எல்லையையே விடையாகத் தரும். கோடு 10 நொடியில் அட்டையாக ஒட்டிக்கொண்டு நின்றால், "சரியாக 10 நொடி ஆகிறது" என்று படிக்காதீர்கள். 10 நொடிக்கு மேல் எவ்வளவு என்று தெரியாது என்பதே அதன் பொருள்.

ஆகவே, "95 சதவீதக் கோரிக்கைகள் 300 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும்" என்பது உங்கள் இலக்கானால், 300இல் ஓர் எல்லை இருந்தே தீர வேண்டும். அப்போது அந்தக் கேள்விக்கு ஊகமே வேண்டாம். 300க்குள் முடிந்தவற்றை மொத்தத்தால் வகுத்தால் துல்லியமான விடை. இலக்கைச் சுற்றி நெருக்கமாகவும் தொலைவில் அகலமாகவும் எல்லைகளைப் போடுங்கள். எல்லா சர்வர்களிலும் ஒரே எல்லைகள் இருக்கட்டும். மாறினால் பக்கெட்டுகளைக் கூட்ட முடியாது.

7. நிரலில் ஒரே இடத்தில் அளவிடுங்கள்

ஒவ்வொரு ஹேண்ட்லருக்குள்ளும் (ஒரு ரூட்டுக்குப் பதில் தரும் நிரல்) எண்ணும் வரிகளைத் தூவாதீர்கள். புதிதாகச் சேரும் ரூட்டில் யாராவது மறப்பார்கள். எல்லாவற்றுக்கும் வெளியே நிற்கும் ஒரு மிடில்வேரில் (எல்லாக் கோரிக்கைகளும் கடந்து போகும் நிரல் அடுக்கு) வையுங்கள். அங்கீகாரச் சோதனைக்கும் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் மறுக்கப்பட்ட கோரிக்கைகள் கணக்கில் வராது.

கோரிக்கை நுழையும்போது நடப்பு கேஜை ஒன்று ஏற்றி, கடிகாரத்தை ஓட்டுங்கள். வெளியேறும்போது கேஜை இறக்கி, கவுண்ட்டரையும் ஹிஸ்டோகிராமையும் தொடுங்கள். பிழை எறியப்பட்டு வெளியேறினாலும் இந்த வரிகள் ஓடும்படி எழுத வேண்டும். இல்லாவிட்டால் தோற்ற கோரிக்கைகள் மட்டும் எண்ணப்படாமல் போகும்; கேஜும் இறங்காமல் நாளுக்கு நாள் ஏறும்.

கேஜ் எதற்கு என்று தோன்றலாம். முடிந்த பிறகே கவுண்ட்டர் ஏறுகிறது. டேட்டாபேஸ் உறைந்துபோய் 300 கோரிக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தால், கவுண்ட்டரில் டிராஃபிக் குறைந்ததாக மட்டும் தெரியும். உள்ளே 300 சிக்கியிருப்பதை கேஜ் மட்டுமே சொல்லும்.

முக்கிய ரூட்களின் பிழைக் கவுண்ட்டர்களை ஆப் தொடங்கும்போதே பூஜ்யத்தில் உருவாக்கி வையுங்கள். முதல் பிழை வரும்போதுதான் தொடர் பிறக்கிறது என்றால், அது 1 என்ற மதிப்போடு பிறக்கும். முன் மதிப்பு இல்லாததால் கருவிக்கு "ஏறியது" என்று தெரியாது. அந்த முதல் பிழை கணக்கிலிருந்து நழுவிவிடும்.

பைத்தான் போன்ற மொழிகளில் ஒரே சர்வரில் பல வொர்க்கர் செயலிகள் ஓடுவது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம், தனிக் கவுண்ட்டர். சேகரிப்பவர் வரும்போது யாராவது ஒரு வொர்க்கர் பதில் சொல்லும்: ஒரு முறை 4,000, அடுத்த முறை 3,200, பிறகு 4,100. எண் குறைந்ததைப் பார்த்த கருவி மறுதொடக்கம் நடந்ததாக நினைத்து 3,200ஐ முழுதாகப் புதிய வரவாகச் சேர்த்துவிடும். டிராஃபிக் பல மடங்கு ஏறியது போல ஊசி ஊசியாகக் கோடுகள் வரும். பைத்தான் லைப்ரரியில் இதற்கென்றே பல செயலி முறை இருக்கிறது, அதை இயக்குங்கள். இதைப் பார்த்துவிட்டு நெட்வொர்க் பக்கம் தேடி அலைந்தவர்கள் நிறைய.

8. சேகரிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகள் உண்டு. இழுப்பது, தள்ளுவது, லாகைப் படிப்பது.

பிராமிதியஸ் இழுக்கும் ரகம். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு சர்வரிடமும் போய்க் கவுண்ட்டர்களின் அப்போதைய மதிப்பைப் படித்து வரும். எதுவும் சொல்லாவிட்டால் இடைவெளி 1 நிமிடம். கூடவே வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் 15 நொடி என்று இருக்கும். சர்வர் பதில் சொல்லவில்லை என்பதும் ஒரு அளவீடாகப் பதிவாவது இதன் பெரிய பலம். அமைதிக்கும் மரணத்துக்கும் வேறுபாடு தெரிகிறது.

ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு சர்வரையும் நேரடியாகப் படிக்கச் சொல்லுங்கள். லோட் பேலன்சர் முகவரியைக் கொடுத்தால், மேலே சொன்ன வொர்க்கர் குழப்பம் சர்வர் அளவில் திரும்பி வரும்.

ஸ்டாட்ஸ்டி தள்ளும் ரகம். ஆப் ஒவ்வொரு நிகழ்வையும் யூடிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பும் முறை) வழியாக அனுப்பும். சேகரிப்பான் இயல்பாக 10 நொடிக்கு ஒருமுறை தொகுத்து மேலே தள்ளும். ஆப்புக்குப் பாரம் குறைவு. ஆனால் யூடிபியில் தொலைந்த பொட்டலத்துக்குப் புகார் வராது. நெரிசல் கூடும்போதுதான் அதிகம் தொலையும், நமக்கு எண் மிகவும் தேவைப்படுவதும் அப்போதுதான். குறுகிய நேரம் ஓடி முடிந்துவிடும் வேலைகளுக்கு மட்டும் இழுப்பதைவிடத் தள்ளுவது பொருந்தும்.

லாகைப் படிக்கும் வழியில் விவரம் அதிகம், செலவும் அதிகம். லாக் கோப்பைச் சுழற்றும்போது, நகலெடுத்து மூலத்தைக் காலி செய்யும் முறையைத் தவிர்க்கப் பாருங்கள். நகலுக்கும் காலி செய்வதற்கும் இடைப்பட்ட சின்ன நேரத்தில் எழுதப்பட்ட வரிகள் தொலையலாம். கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதிய கோப்பைத் திறக்கச் சொல்வது பத்திரமானது. லாக் அனுப்பும் கருவிகள் பல "குறைந்தது ஒரு முறை" என்ற உறுதியையே தருகின்றன. அதாவது, இணைப்பு அறுந்து மீண்டால் ஒரே வரி இரண்டு முறை வரலாம். கோரிக்கை ஐடியை வைத்து வடிகட்டுவது அப்போதுதான் கைகொடுக்கும்.

சேகரிக்கும்போதே இன்னொரு பிரிவினையைச் செய்துவிடுங்கள். லோட் பேலன்சர் சில நொடிகளுக்கு ஒருமுறை அனுப்பும் ஹெல்த் செக் (சர்வர் உயிரோடிருக்கிறதா என்ற சோதனை) கோரிக்கைகள் வேகமாக, வெற்றிகரமாக முடிபவை. டிராஃபிக் குறைந்த நேரங்களில் அவையே பெரும்பான்மையாகி, பிழை விகிதத்தையும் பதில் நேரத்தையும் அழகாக்கிக் காட்டும். அவற்றைத் தனி ரூட்டாக எண்ணி, மொத்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். தேடுபொறி பாட்களை (தானாகப் பக்கங்களைப் படிக்கும் நிரல்கள்) அழிக்காமல் "பாட்" என்று குறியிடுங்கள். பயனர் கணக்கில் அவை வேண்டாம். சர்வர் சுமைக் கணக்கில் கட்டாயம் வேண்டும்.

9. தொகுக்கும் வரிசை: இங்கேதான் எண்கள் பொய் சொல்லத் தொடங்கும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

முதல் படி, கவுண்ட்டரை வேகமாக, அதாவது நொடிக்கு இத்தனை என்று, மாற்றுவது. கவுண்ட்டர் 1,20,000இல் இருந்தது, 15 நொடி கழித்து 1,20,900 என்றால், 900ஐ 15ஆல் வகுத்து நொடிக்கு 60. அடுத்த முறை 300 என்று வந்தால் செயலி மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. கருவி 300ஐப் புதிய வரவாக எடுத்துக்கொள்ளும்.

இந்த மறுதொடக்கக் கண்டுபிடிப்பு ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியே நடக்க வேண்டும். ஆகவே வரிசை: முதலில் வேகம், பிறகு கூட்டல். 10 சர்வர்களின் கவுண்ட்டர்களை முதலில் கூட்டிவிட்டு வேகம் கண்டால், ஒரு சர்வர் மறுதொடக்கமாகும்போது மொத்தமே சற்றுக் குறையும். கருவி அதை 10 சர்வர்களும் பூஜ்யமாகி மீண்டும் ஏறியதாகப் படித்து, லட்சக்கணக்கில் ஒரு பொய்ச் சிகரத்தை வரையும்.

வேகம் காணும் கால இடைவெளி, சேகரிப்பு இடைவெளியைப் போல 4 மடங்காவது இருக்கட்டும். 15 நொடி சேகரிப்புக்கு 1 நிமிடம். ஓரிரு சேகரிப்புகள் தவறினாலும் கணக்கிட இரண்டு புள்ளிகளாவது மிஞ்ச வேண்டும் என்பதே காரணம்.

இரண்டாவது, சராசரி. ஒரு சர்வர் 900 கோரிக்கைகளைச் சராசரி 100 மில்லிநொடியில் முடித்தது. இன்னொன்று 100 கோரிக்கைகளைச் சராசரி 1,000 மில்லிநொடியில் முடித்தது. இரண்டு சராசரிகளின் சராசரி 550. உண்மையான சராசரி 190. வித்தியாசம் கிட்டத்தட்ட 3 மடங்கு. நேரங்களின் கூட்டுத்தொகை 1,90,000, எண்ணிக்கை 1,000 என்று இரண்டையும் தனித்தனியே கூட்டி, கடைசியில் ஒருமுறை வகுத்தால் தவறு வராது. இதனால்தான் ஹிஸ்டோகிராம் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் வைத்திருக்கிறது, சராசரியை வைத்திருப்பதில்லை.

பிழை சதவீதமும் இதே கதை. எல்லா சர்வர்களின் பிழைகளைக் கூட்டுங்கள், எல்லாக் கோரிக்கைகளையும் கூட்டுங்கள், பிறகு வகுங்கள். ஒவ்வொரு சர்வரின் சதவீதத்தைக் கண்டு சராசரி எடுத்தால், 2 கோரிக்கை வாங்கி 1ஐத் தவறவிட்ட சர்வர், 10,000 வாங்கிய சர்வருக்குச் சமமான குரல் பெற்றுவிடும்.

மூன்றாவது, பெர்சென்டைல். அதிகமானோர் தடுக்கி விழுவது இங்கேதான். முதல் சர்வர் 9,900 கோரிக்கைகள் வாங்கியது, எல்லாமே 100 மில்லிநொடிக்குள் முடிந்தன, அதன் பி95 90. இரண்டாவது சர்வர் 100 கோரிக்கைகள், பி95 2,000. இரண்டையும் சராசரி எடுத்தால் 1,045. ஆனால் மொத்தக் கோரிக்கைகளில் 99 சதவீதம் 100 மில்லிநொடிக்குள் முடிந்துவிட்டன. உண்மையான பி95 100க்குக் கீழேதான் இருக்க முடியும். பத்து மடங்குக்கு மேல் பிழை. எண்ணிக்கையை எடையாகக் கொடுத்தாலும் இது சரியாகாது. இரண்டு பெர்சென்டைல்களிலிருந்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கத் தேவையான தகவல் அந்த எண்களுக்குள் இல்லவே இல்லை.

வழி ஒன்றுதான். ஒவ்வொரு சர்வரின் பக்கெட்டுகளையும் எல்லைவாரியாகக் கூட்டி, கூட்டிய பக்கெட்டுகளின் மேல் பெர்சென்டைலைக் கணக்கிடுங்கள். வேகம், கூட்டல், பெர்சென்டைல் என்ற வரிசையை மாற்றவே கூடாது. சர்வரிலேயே பெர்சென்டைலைக் கணித்து அனுப்பும் அளவீட்டு வகைகளும் உண்டு. பிராமிதியஸின் சம்மரி அப்படி. ஸ்டாட்ஸ்டியும் ஒவ்வொரு 10 நொடித் தொகுப்புக்கும் தனியாக ஒரு பெர்சென்டைல் தருகிறது. ஒரு சர்வரை, ஒரு இடைவெளியைப் பார்க்க அவை நல்லவை. பல சர்வர்களைச் சேர்த்தோ, ஒரு மணி நேரத்துக்கு நீட்டியோ பார்க்க உதவாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 6 கோரிக்கை வரும் ரூட்டுக்கு பி99 வரைவதில் பொருளில்லை. அந்த எண் பெரும்பாலும் அந்த நிமிடத்தின் மிக மெதுவான கோரிக்கையையே குறிக்கும். அப்படிப்பட்ட ரூட்டுக்கு இடைவெளியை ஒரு மணி நேரமாக்குங்கள், அல்லது இலக்கைத் தாண்டியவற்றை எண்ணிக்கையாகவே காட்டுங்கள்.

சாம்பிளிங் செய்தால், அதாவது சிலவற்றை மட்டும் பதிவு செய்தால், ஒவ்வொரு பதிவோடும் அதன் எடையையும் சேமியுங்கள். 10இல் 1 எடுத்த பதிவு, தொகுக்கும்போது 10ஆக எண்ணப்பட வேண்டும். பிழைகளை முழுதாகவும் வெற்றிகளை 10இல் 1 ஆகவும் எடுத்துவிட்டு, எடையில்லாமல் வகுத்தால் பிழை சதவீதம் பத்து மடங்கு வரை ஊதிக் காட்டும்.

10. நீண்ட காலத்துக்குச் சுருக்குவதும் தனிப் பயனர்களை எண்ணுவதும்

பிராமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவைத்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 நிமிடத்துக்கு ஒன்று, 1 மணி நேரத்துக்கு ஒன்று என்று சுருக்கி வேறு இடத்தில் வைக்க வேண்டும். சுருக்கும்போதும் விதி அதேதான்: எண்ணிக்கை, கூட்டுத்தொகை, பக்கெட்டுகள், தேவையானால் உச்ச மதிப்பு. சராசரியை மட்டும் வைத்தால் சிகரங்கள் கரைந்துபோகும். நேரத் தொடர்களைச் சேமிக்கும் இன்னொரு கருவியான கிராஃபைட்டின் இயல்பு அமைப்பு சராசரிதான். எண்ணிக்கைத் தொடர்களுக்குக் கூட்டல் என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

மணிவாரியாக மட்டும் சுருக்கி வைத்தால் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. யூடிசியிலிருந்து ஐந்தரை மணி, ஐந்தே முக்கால் மணி தள்ளியிருக்கும் நேர மண்டலங்கள் உண்டு. யூடிசி மணிகளைக் கூட்டி அங்குள்ள ஒரு நாளைச் சரியாக உருவாக்க முடியாது. 15 நிமிடத் துண்டுகள் வைத்தால் இரண்டுமே அடங்கும்.

லாக் வழியே வருபவை தாமதமாகவும் வரும். எந்தத் துண்டில் சேர்ப்பது என்பதை, கோரிக்கை நடந்த நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அல்ல. இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தேங்கிய லாக் வந்து சேரும்போது இல்லாத டிராஃபிக் வெள்ளம் தெரியும். துண்டை மூடும் முன் சில நிமிடம் காத்திருங்கள். அதற்குப் பிறகும் வந்தால் துண்டை மறுபடி கணக்கிடுங்கள், அல்லது எத்தனை விடுபட்டன என்பதையே ஒரு கவுண்ட்டராக வையுங்கள்.

தனிப் பயனர் எண்ணிக்கை கூட்டலுக்கு ஒத்துவராதது. திங்கட்கிழமை 1,000 பேர், செவ்வாய் 1,000 பேர் என்றால் இரண்டு நாளில் 1,000 முதல் 2,000 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே நாள் எண்ணிக்கைகளைச் சேமித்து மாதத்தைப் பெற முடியாது. சிறிய அளவென்றால் ஐடிகளின் பட்டியலையே வைத்து எண்ணலாம். பெரிய அளவுக்கு ஹைப்பர்லாக்லாக் (தனி ஐடிகளைத் தோராயமாக எண்ணும் முறை): ரெடிஸ் டேட்டாபேஸில் ஒன்றுக்கு அதிகபட்சம் 12 கிலோபைட் நினைவகம், நியமப் பிழை 0.81 சதவீதம். இதன் அருமை, நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்துக்கொண்டால் 30ஐயும் ஒன்றாக இணைத்து மாதத்தின் தனிப் பயனர்களைப் பெறலாம்; இரண்டு முறை வந்தவர் ஒரு முறைதான் எண்ணப்படுவார்.

11. தெரிந்த எண்ணை அனுப்பிச் சரிபாருங்கள்

டாஷ்போர்டை மற்றவர்களுக்குக் காட்டும் முன் இதைச் செய்யுங்கள். சோதனைச் சூழலில், லோடு அனுப்பும் கருவியால் ஒரு ரூட்டுக்குச் சரியாக 1,000 கோரிக்கைகள் அனுப்புங்கள். அதில் 50 வேண்டுமென்றே தோற்கட்டும். பிறகு மூன்று இடங்களில் பாருங்கள்: லோட் பேலன்சர் லாகின் வரிகள், எல்லா சர்வர்களின் கவுண்ட்டர் வித்தியாசங்களின் கூட்டல், டாஷ்போர்டு.

முதல் இரண்டும் 1,000, 50 என்று அச்சாக ஒத்துப்போக வேண்டும். டாஷ்போர்டில் 1,012.7 என்பது போல வந்தால் பதற வேண்டாம். பிராமிதியஸ் இடைவெளியின் இரு ஓரங்களையும் ஊகித்து நீட்டுவதால் பின்னம் வரும். பில் போடும் கணக்குக்கு இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. அதற்கு லாகிலிருந்து எண்ணுங்கள்.

அடுத்து, அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பொய்ச் சிகரம் வந்தால் 9-ஆவது பகுதியின் வரிசை எங்கோ தலைகீழாகியிருக்கிறது. பிறகு ஒரு சர்வரை முழுதாக நிறுத்துங்கள். லோட் பேலன்சர் பக்கத்தில் பிழையும், சேகரிப்பான் பக்கத்தில் "பதிலில்லை" என்ற குறியும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, இல்லாத 500 முகவரிகளைத் தட்டிவிட்டுத் தொடர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறியிருந்தால் 404 லேபிளில் கசிவு இருக்கிறது.

இந்த நான்கு சோதனைகளையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, ஃபிரேம்வொர்க்கையோ லோட் பேலன்சரையோ மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஓட்டுங்கள். மேம்படுத்தும்போது ரூட்டின் பெயர் எழுதும் விதம் சத்தமில்லாமல் மாறிவிடுவது உண்டு. பழைய தொடர் நின்று புதியது தொடங்கும். அலாரம் பழைய பெயரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.